குழாயில் வரும் ஏரி

செப்டம்பர் 28, ஞாயிறு: எலிவாலும் வெள்ளி அருவியும்

பெரியகுளத்தில் பிறந்தவர்களுக்குக் கொடைக்கானல் ஒரு சுற்றுலாத் தலமே கிடையாது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வடக்கே நிற்கிற சுவர், அவ்வளவுதான். உச்சி தெளிவாகத் தெரிந்தால் வடகம் பிழியலாம். மேகம் மூடியிருந்தால் துணியை எடுத்து உள்ளே போட வேண்டும். எங்கள் அம்மாவுக்கு இன்றைக்கும் வானிலை அறிக்கை அந்த மலைதான்.

வீட்டில் இரண்டு தண்ணீர். போர்த் தண்ணி உப்பு, அது பாத்திரம் கழுவ, குளிக்க. இன்னொன்று தெருக்குழாயில் வருவது. "பேரிஜம் வந்துருச்சு, குடத்தை எடு" என்று அம்மா கத்துவதைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். பேரிஜம் என்பது ஏதோ ஒரு பெண்ணின் பெயர் என்று ஐந்தாம் வகுப்பு வரை நினைத்திருந்தேன். அது மலைமேல் இருக்கும் ஏரி என்று தெரிந்த பிறகும் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது எனக்கு 47 வயது.

காலாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து மகளோடு வந்திருந்தேன். தம்பி ஒரு திட்டம் வைத்திருந்தான். சமீபத்தில் எட்டு கிலோ குறைத்திருக்கிறான், அதனால் அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. "நாலு நாள் மேல தங்குவோம்க்கா. ஏரி, அருவி எல்லாம் நடந்து பாப்போம். கடைசி நாள் வட்டக்கானல்ல இருந்து நடந்தே இறங்கி, கும்பக்கரையில குளிச்சிட்டு வீட்டுக்கு வந்துருவோம்." கேட்க நன்றாக இருந்தது. இறக்கம்தானே என்று தலையாட்டினேன்.

தேவதானப்பட்டி, காட்ரோடு வழியாக ஏறினோம். டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தினால் எதிர்மலையில் தலையாறு அருவி தெரியும். 297 மீட்டர். தமிழ்நாட்டில் இதைவிட உயரமான அருவி கிடையாது. ஆனால் சாலையிலிருந்து பார்த்தால் பச்சைச் சேலையில் ஒரு வெள்ளை நூல் பிரிந்து தொங்குவதுபோல்தான் இருக்கிறது. எலிவால் அருவி என்று பெயர் வைத்தவர் இதே இடத்தில் நின்றுதான் வைத்திருக்க வேண்டும். "இவ்வளவுதானா?" என்றாள் மகள். கிட்டத்தட்ட நூறு மாடிக் கட்டடம் என்று தம்பி விளக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை ஒரு குரங்கு வண்டிக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தடுப்புச்சுவரில் உட்கார்ந்து பிரித்தது. துவையலைத் தொடவில்லை. சோளம் விற்ற பாட்டி ஒருத்தி தகர டப்பாவைத் தட்டி விரட்டிப் பார்த்தார். பயனில்லை. "பாப்பா பசியோட நிக்குதே" என்று வறுத்த கடலையை ஒரு கை அள்ளி மகளிடம் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார். சோளத்துக்கு மட்டும் 40 ரூபாய் வாங்கினார்.

வெள்ளி அருவி சாலையை ஒட்டியே விழுகிறது. 55 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அருவியைவிட அதன் முன்னால் போட்டோவுக்கு நின்றவர்களின் வரிசை நீளம். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் இது. அந்த ஏரியும் தானாக வந்ததல்ல. மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளைத் தடுத்து உண்டாக்கியது. படகுகூடத் தூத்துக்குடியிலிருந்து வந்ததாம். ஊருக்கு நடுவில் இருக்கும் ஏரியின் மிச்சம் என்று தெரிந்த பிறகு சாரலை வாயைத் திறந்து வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. லேசாக ஒரு வாடையும் இருந்தது.

அறையில் வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும். இதை முன்பணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள்.

செப்டம்பர் 29, திங்கள்: யானை இருக்கிறது

பேரிஜம் காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி வாங்காமல் போக முடியாது. காலை எட்டரைக்கே போய் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நாலு வண்டி. எங்கள் முறை வந்தபோது உள்ளே இருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏரிப் பக்கம் யானை நிக்குது. இன்னிக்கு யாரையும் விடலை."

"எப்ப சார் போகும்?" என்றான் தம்பி.

"அதை அதுகிட்டத்தான் கேக்கணும்." கோபமில்லாமல், கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார். தினமும் நாற்பது பேரிடம் சொல்கிற பதிலாக இருக்கும்.

வண்டியைப் பூம்பாறைக்குத் திருப்பினோம். சாலையிலிருந்து பார்த்தால் ஊர் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது. சுற்றிலும் படிக்கட்டு வயல்கள்: பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ். குழந்தை வேலப்பர் கோயிலில் கூட்டம் இல்லை. போகர் பிரதிஷ்டை செய்த முருகன் என்று நம்பிக்கை. பூசாரி நிதானமாக அர்ச்சனை செய்தார். தட்டில் 20 ரூபாய் போட்டதற்கு 100 ரூபாய் போட்டவருக்குக் கொடுத்த அதே அளவு விபூதி கொடுத்தார். சென்னையில் இதற்குப் பழக்கமில்லை.

கோயில் தெருவில் ஓர் அக்கா சாக்கு விரித்து மலைப்பூண்டு விற்றார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு பேரம் பேச முடிவதில்லை. கிலோ 450 என்றார். நான் 400 என்றேன். ஒரு பல்லை உரித்து நசுக்கி என் உள்ளங்கையில் வைத்து, "மோந்து பாத்துட்டு நீங்களே வெலை சொல்லுங்க" என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. 450 கொடுத்தேன். சமவெளிப் பூண்டு போலக் கீழே வைத்தால் ஈரத்தில் கெடும், கட்டித் தொங்கவிட வேண்டும் என்று கட்டுப் போடவும் சொல்லிக்கொடுத்தார். வண்டிக்குள் வைத்த பூண்டின் வாசனை அடுத்த மூன்று நாளும் எங்கள் சுவெட்டர்களில் இருந்தது.

மன்னவனூரில்தான் முதல்முதலாக நடந்தோம். ஏரி சின்னதுதான். பரிசலும் இருக்கிறது. ஆனால் பார்க்க வேண்டியது ஏரியைச் சுற்றி எழுந்து இறங்குகிற புல்மேடு. ஒரு மணி நேரம் நடந்தால் காலுக்குக் கீழே புல்லைத் தவிர எதுவும் இல்லை. காற்று ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. புல்லுக்கு நடுவே பள்ளங்களில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக்காடு அடைந்து கிடக்கும். பழனிமலையின் மேல்பகுதி முழுக்க முன்பு இப்படித்தான் இருந்ததாம். மழையைப் புல் வாங்கி வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகச் சோலைக்கு விட, அது ஓடையாக வருஷம் முழுக்க இறங்கும். வெள்ளைக்காரன் காலத்திலும் பிறகும் புல்லைத் தரிசு என்று நினைத்து அதில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று நட்டார்கள். இப்போது சுற்றுலாப் பயணிகள் சினிமா பாட்டுக்கு நிற்கிற பைன் காடே 1906-ல் பிரயண்ட் என்ற அதிகாரி ஆரம்பித்து வைத்த நடவுதான். குறிஞ்சிக்கும் இந்தப் புல்மேடுதான் வீடு. 2018-ல் பூத்தது, இனி 2030.

பக்கத்தில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கம்பளிக்கான ஆடுகள் மேய்ந்துவிட்டு வரிசையாகத் திரும்பின. நம் ஊர்ச் செம்மறியைப் பார்த்த கண்ணுக்கு அவை போர்வை போர்த்திக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது.

மதியம் மூன்று மணிக்கு ஒரு வீட்டோடு சேர்ந்த கடையில் சாப்பாடு. "மெனுல என்ன இருக்கு?" என்று மகள் கேட்டாள். "சோறு இருக்கு" என்றார் அந்த அம்மா. சோறு, பீன்ஸ் பொரியல், பூண்டு ரசம். ஆள் ஒன்றுக்கு 80 ரூபாய். ரசத்தை டம்ளரில் மூன்று தடவை வாங்கிக் குடித்தோம். மூன்றாவது தடவை கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரே குண்டானோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டார்.

செப்டம்பர் 30, செவ்வாய்: இன்று விடுமுறை

யானை போய்விட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை பேரிஜத்துக்கு வாராந்திர விடுமுறை. இதை நேற்று வரிசையில் நின்ற யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தம்பியின் திட்டத் தாளில் செவ்வாய்க்கு நேராக "ரிசர்வ்" என்று எழுதியிருந்தது. அதை முன்கூட்டியே யோசித்ததுபோல் காட்டிக்கொண்டான்.

வட்டக்கானலுக்குப் போனோம். முதலில் பாம்பார் அருவி. பழைய சோப்பு விளம்பரம் ஒன்று இங்கே எடுக்கப்பட்டதால் அந்தச் சோப்பின் பெயராலேயே இதை லிரில் அருவி என்பார்கள். எலுமிச்சையோடு ஓர் இளம்பெண் குளிக்கிற விளம்பரம், என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மகளுக்கு எதுவும் புரியவில்லை. அருவி உயரமில்லை. பாறைமேல் வழுக்கி வழுக்கிக் கீழே இறங்குகிறது. இந்தப் பாம்பார்தான் அப்படியே மலையைவிட்டு இறங்கிக் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. "நாளன்னிக்கு இந்தத் தண்ணியில கீழ குளிக்கப்போறோம்" என்றான் தம்பி. தண்ணீரில் விரலை வைத்தேன். எலும்புவரை குளிர்ந்தது.

அங்கிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு இறக்கம். போகும் வழியெல்லாம் வேர்கள். படிக்கட்டு மாதிரி இருக்கும், ஆனால் எந்தப் படியும் அடுத்த படியின் அளவில் இருக்காது. பாறையில் நாங்கள் நின்ற பத்து நிமிடம் கீழே எதுவும் தெரியவில்லை. மேகம் மட்டும். நான் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, உங்களுக்கு நேரா மேல நிக்கிறோம். மலை தெரியுதா?"

"எங்க தெரியுது, ஒரே மூட்டம். துணி எடுக்கப் போறேன், வை."

திரும்பி ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. சாரல் என்று ஆரம்பித்து, ஐந்து நிமிடத்தில் பாதையே ஓடையாகிவிட்டது. பாதிவழியில் தார்ப்பாய் போட்ட ஒரு கடைக்குள் ஒதுங்கினோம். பிரட் ஆம்லெட் 70 ரூபாய், எலுமிச்சை டீ 25. வட்டக்கானலுக்கு இஸ்ரேலியர்கள் நிறைய வந்து தங்குவதால் பலகையில் ஷக்ஷுகா என்று தமிழிலேயே எழுதியிருந்தது. என்ன அது என்று கடைக்கார அக்காவிடம் கேட்டேன். "நம்ம தக்காளித் தொக்குலதான், முட்டையை உடைச்சு ஊத்துறது. அவுகளுக்கு 180, உங்களுக்கு வேணும்னா 120" என்றார். வாங்கினோம். தக்காளித் தொக்கேதான். மல்லித்தழை தூக்கலாக நன்றாகவே இருந்தது.

ஷூவைக் கழற்றியபோது என் இடது காலில் மூன்று அட்டை. மகள் அலறிய அலறலில் கடை நாய் எழுந்து நின்றது. கடையில் ஓரமாகப் பீடி புகைத்துக்கொண்டிருந்த ஒருவர் அவசரமில்லாமல் வந்து, துணியில் முடிந்த உப்பை நனைத்து அட்டைமேல் ஒற்றினார். ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. ரத்தம் மட்டும் ஒரு மணி நேரம் நிற்கவில்லை. அவர் வெள்ளகவிக்காரர். வட்டக்கானலுக்குக் கீழே, மலையின் இடுப்பில் இருக்கிற ஊர். அறுபது வயது இருக்கும். வியாழக்கிழமை கும்பக்கரைவரை கூட்டிப்போக முடியுமா என்று தம்பி கேட்டான். அவர் என் கால்களைத்தான் பார்த்தார்.

"தாயி நடந்துருமா?"

நான் பதில் சொல்வதற்குள் தம்பி "நடந்துரும்ணே" என்றான். 1500 ரூபாய் பேசினோம். வனத்துறையிடம் சொல்வதை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

மழை மூன்று மணி நேரம் பெய்தது.

அக்டோபர் 1, புதன்: பேரிஜம்

ஆயுத பூஜை. மூன்றாவது தடவையாகப் போய் நின்றதும் அதே அலுவலர் எங்களை அடையாளம் கண்டு சிரித்தார். அனுமதிச் சீட்டோடு ஆளுக்கு ஒரு கை பொரி கடலையும் கிடைத்தது. சோதனைச் சாவடியில் நின்ற ஜீப்புக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். ரோட்டில் உடைத்த பூசணிக்காயைக் காட்டு மாடு ஒன்று சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. ஒரு டன் எடைகூட வரக்கூடிய பிராணி. அது தின்று முடிக்கும்வரை ஏழு வண்டிகள் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தன. மலைமேல் மனிதர்களின் பொறுமை அந்த ஒரு விஷயத்தில் மாறாமல் இருக்கிறது.

காட்டுவழி சுமார் 20 கிலோமீட்டர். தொப்பித் தூக்கிப் பாறையில் மகளின் தொப்பி பறக்குமா என்று சோதித்தோம். பறக்கவில்லை, காற்று இல்லாத நாள். மதிகெட்டான் சோலையில் ஓரமாக நின்று உள்ளே எட்டிப் பார்த்தோம். பத்தடிக்கு மேல் கண் போகவில்லை. கிளையெல்லாம் பாசி, பாசியிலிருந்து சொட்டு. உள்ளே போனவருக்குத் திசை தப்பி மதி கெட்டுவிடும் என்பதால் அந்தப் பெயர்.

அப்புறம் ஏரி.

அதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பயணக் கட்டுரையையே ஆரம்பித்தேன். எழுத அதிகம் இல்லை. காட்டுக்கு நடுவே தண்ணீர் கிடந்தது. படகு கிடையாது, பஜ்ஜிக் கடை கிடையாது, இறங்கிக் கால் நனைக்கவும் விடமாட்டார்கள். நீர்க்கோழி ஒன்று கரையோரம் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரை மரங்கள் தலைகீழாக, இலை அசையாமல் நீருக்குள் நின்றன. வண்டியிலிருந்து இறங்கியவர்கள் யாரும் சொல்லாமலேயே குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு குடும்பத்தில் குழந்தை மட்டும் "போட்டிங் எங்க? போட்டிங் எங்க?" என்று அழுதது.

இதுவும் இயற்கை ஏரி கிடையாது, அணை கட்டித் தேக்கியது. முன்பு இங்கே சதுப்பு நிலம். 1860-களில் டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி இந்தப் பக்கம் வந்து ஒரு குடிசை போட்டுத் தங்கினார். ஆதியில் இங்கே பெரிய ஏரி ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தக் குடிசையை வைத்து இடத்துக்கு ஹாமில்டன் கோட்டை என்று பெயரே வந்துவிட்டது. கோட்டை ஒருநாளும் இருந்ததில்லை. ஏரியைத் தாண்டிப் போகும் பாதை மூணாறுக்குப் போவது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் வந்துவிட்டால் மலைவழியாகக் கொச்சிக்குத் தப்பிப்பதற்காகச் சீராக்கியது. ஜப்பான்காரன் வரவில்லை. பாதையையும் 1990-ல் மூடிவிட்டார்கள்.

காவலர் ஒருவரிடம் "இங்கிருந்துதானே பெரியகுளத்துக்குத் தண்ணி வருது?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. நீங்க பெரியகுளமா?"

"பொறந்த ஊரு."

"அப்ப உங்க வீட்டுக் குடத்தைத்தான் பாக்குறீங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

நாற்பது வருஷமாக என் வீட்டுப் பருப்பை வேகவைத்த தண்ணீருக்கு முன்னால் எனக்குப் பெரிய உணர்ச்சி எதுவும் வரவில்லை. தாகம்தான் எடுத்தது. பிளாஸ்டிக் பாட்டில் தடை என்பதால் கொண்டுவந்த எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. சுற்றிலும் குடிநீர் ஏரி, குடிக்க ஒரு வாய் கிடையாது. சாவடிவரை திரும்பி வந்து கேட்டு வாங்கிக் குடித்தோம்.

அக்டோபர் 2, வியாழன்: இறக்கம்

காலை ஆறரைக்கு வட்டக்கானல். நாங்கள் வந்த நாளிலிருந்து முதல்முறையாக வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. டால்பின் மூக்கில் நின்றால் கீழே சமவெளி, வயல், கண்மாய் எல்லாம் தெரிந்தன. வீடு எந்தப் பக்கம் என்று தம்பி கைநீட்டிக் காட்டினான். நான் வேறு பக்கம் காட்டினேன். வண்டியைக் கீழே கொண்டுவர அவன் நண்பர் ஒப்புக்கொண்டிருந்தார். எனக்கு அவரோடு போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை.

வெள்ளகவி அண்ணன் ரப்பர் செருப்போடு வந்திருந்தார். எங்கள் மூன்று பேர் காலிலும் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய்க்கு ஷூ. ஆளுக்கு ஒரு கம்பு வெட்டிக் கொடுத்தார். தம்பி தனக்கு வேண்டாம் என்றான். முக்கால் மணி நேரம் கழித்து அவனே வழியில் ஒன்று பொறுக்கிக்கொண்டான்.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் அதிகமான இறக்கம் என்பது தாளில் ஓர் எண். முழங்காலுக்கு அது வேறு. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது நின்றாலும் தொடை நடுங்கிக்கொண்டே இருக்கிறது. முந்தாநாள் மழையில் நனைந்த கல் இன்னும் காயவில்லை. மகள் இரண்டு தடவை விழுந்தாள், நான் மூன்று தடவை. நாலாவதை உட்கார்ந்துகொண்டே இறங்கித் தவிர்த்தேன்.

வழியில் மணிச் சத்தம் கேட்டதும் அண்ணன் எங்களை நிறுத்தினார். மூட்டை ஏற்றிய குதிரைகள் மேலே ஏறி வந்தன. "பள்ளத்துப் பக்கம் நிக்காதீக தாயி, மலைப் பக்கம் சாய்ஞ்சு நில்லுங்க. மூட்டை இடிச்சா குதிரை நிக்கும், நீங்க நிக்கமாட்டீக." வெள்ளகவிக்கு அரிசி, பருப்பு, சிலிண்டர் எல்லாம் இப்படித்தான் போகும். அங்கிருந்து காபி, மிளகு, எலுமிச்சை, பட்டர் ஃப்ரூட் இப்படித்தான் வரும்.

பத்தரை மணிக்கு ஊர் வந்தது. ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். வீடுகளுக்கு நடுவே அங்கங்கே கோயில். எது கோயில் வாசல், எது தெரு என்று பிரிக்க முடியாது, அதனால் ஊரே கோயில் கணக்கு. அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். நாங்கள் ஷூ நாடாவை அவிழ்க்கவே ஐந்து நிமிடம் ஆனது. குளிர்ந்த கல்மேல் வெறுங்காலை வைத்ததும் வந்த சுகத்தை என்னவென்று சொல்வது! அந்த ஊரைவிட்டுக் கிளம்பவே மனமில்லை என்றால் முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

அவர் வீட்டில் அவர்கள் தோட்டத்துக் காபியை வறுத்து இடித்த தூளில் வெல்லம் போட்டுக் கடுங்காப்பி தந்தார்கள். வீட்டம்மா எனக்கு ஒரு பட்டர் ஃப்ரூட்டை வெட்டிச் சர்க்கரை தூவிக் கொடுத்தார். அதே பழத்தை நேற்று ஏரிச்சாலையில் கிலோ 200 என்று பார்த்தேன். இங்கே இவர்களுக்குக் கிடைக்கிற விலையைக் கேட்டேன், சொன்னார். திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதை இங்கே எழுதினால் இனி நான் அந்த ஏரிச்சாலைக் கடையில் நிம்மதியாக வாங்க முடியாது.

திண்ணை ஓரத்தில் இரண்டு மூங்கிலும் ஒரு போர்வையும் சாத்தியிருந்தன. டோலி. "பிரசவம்னாலும் நெஞ்சுவலின்னாலும் இதுலதான். எட்டுப் பேரு மாத்தி மாத்தித் தூக்குவோம்" என்றார் அண்ணன். மேலே கொடைக்கானலில் துரைமார்கள் வீடு கட்டத் தொடங்கிய 1845-லும் பெரியகுளம் பக்கமிருந்து மலையேறியது நடந்தோ டோலியிலோதான். அவர்களுக்கு ரோடு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஊரில் டோலி இன்னும் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்து, "தாயிக்கு வேணுமா?" என்றார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எப்படியாவது நடந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளகவிக்குக் கீழே காடு மாறுகிறது. பாசி போய்விட்டது, அட்டை போய்விட்டது, சுவெட்டர் இடுப்புக்கு வந்தது. மதியம் ஒரு மணிக்கு வேர்வை கண்ணில் இறங்கியது. காலையில் கையை ஊதிக்கொண்டு கிளம்பியவர்கள், இப்போது நிழல் நிழலாகத் தேடி நின்றோம். தண்ணீர் கடைசி அரை பாட்டில். பள்ளத்தில் பாம்பாரின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. "கீழ போனதும் முதல் வேலை, அருவிக்கு அடியில போய் நிக்கிறேன்" என்று மகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நாங்கள் மூவரும் நடந்துகொண்டிருந்தோம்.

இரண்டு மணிக்கு முதுகுப் பக்கம் ஓர் உறுமல். திரும்பிப் பார்த்தால் காலையில் நாங்கள் கிளம்பிய உச்சி இல்லை. கறுத்து மூடியிருந்தது. எங்கள் தலைக்குமேல் நல்ல வெயில். அண்ணன் கொஞ்ச தூரம் பள்ளத்தை எட்டிப் பார்த்தபடியே நடந்தார். "தண்ணி நெறம் மாறுது" என்று மட்டும் சொன்னார்.

மூன்றரைக்குக் கும்பக்கரை. பாறைகளுக்கு நடுவே யானை, பாம்பு என்று பெயர் வைத்த கயங்கள் உண்டு. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இன்று எந்தக் கயமும் தெரியவில்லை. பாறை முழுக்கச் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுருட்டிக்கொண்டு ஓடியது. கயிறு கட்டி, விசில் ஊதி, குளித்துக்கொண்டிருந்தவர்களை ஈரத்துணியோடு வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள்.

வனக்காவலர் எங்களைப் பார்த்தார். சேறு, கம்பு, நொண்டல். "எங்கிட்டு இருந்து வர்றீக?"

"வட்டக்கானல். நடந்து வர்றோம்" என்றான் தம்பி.

"மேல மழைங்களா?"

"நாங்க கிளம்பும்போது வெயிலு."

"நீங்க வர்றதுக்குள்ள அது வந்துருச்சு" என்றார். "இன்னிக்குக் குளிக்கத் தடை."

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனுக்கு 2000 ரூபாய் கொடுத்தோம். 500 ரூபாயைத் திருப்பி நீட்டினார். வற்புறுத்தியதும் வாங்கிக்கொண்டு, அன்றைக்குள் மேலே ஏற முடியாது என்பதால் பெரியகுளத்தில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். எங்கள் வண்டியிலேயே கூட்டிவந்து இறக்கிவிட்டோம். வண்டியில் இன்னும் பூண்டு வாசனை.

வாசலில் அம்மா நின்றிருந்தார். "மத்தியானமே மலை கறுத்துப் போச்சு. கும்பக்கரையில குளிக்க விடமாட்டாங்கன்னு சொல்ல நாலு தடவை போன் போட்டேன். டவரே கிடைக்கல."

கால் ஊறவைக்க அண்டாவில் வெந்நீர் போட்டு, கல்லுப்பு போட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தார். நாங்கள் மூவரும் வரிசையாக உட்கார்ந்து காலை உள்ளே விட்டோம். மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "பாட்டி, இது பேரிஜம் தண்ணியா?"

"இல்லடி, போர்த் தண்ணி" என்றார் அம்மா. "பேரிஜம் நாளைக்குத்தான் வரும்."